பங்குனியில் செத்த காடு

புதிதாகக் காக்கி மாட்டியிருக்கும் தம்பி தங்கைகளே, பயிற்சிக் கூடத்தில் உங்களுக்கு மரத்தின் சுற்றளவை அளக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். காட்டுத் தீ எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லியிருப்பார்கள். பாம்பு கடித்தால் என்ன செய்வது என்பதற்குக்கூட இப்போது தனி வகுப்பு உண்டாம். மேலதிகாரி கடித்தால் என்ன செய்வது என்பதற்கு வகுப்பு கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் நான் ஓசூர்ப் பக்கம் பாரஸ்டராக இருந்தேன். ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. இன்று நீங்கள் பார்க்கிற தொழிற்சாலைப் புகைபோக்கி ஒன்றுகூட அன்றைக்குக் கிடையாது. ஜூஜுவாடியைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். இந்தப் பக்கம் கேழ்வரகு, கொள்ளு, காடு, அவ்வளவுதான். எனக்கு வயது இருபத்தாறு. சைக்கிள் ஒன்று, காக்கி டிரவுசர் இரண்டு, கர்வம் மட்டும் கணக்கில்லாமல் இருந்தது.

என் மேல் ரேஞ்சர் ஒருவர் இருந்தார். மங்களூர்ப் பக்கத்து மனிதர். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நல்ல மூளை, நல்ல கையெழுத்து, ஆனால் உடம்பில் ஒரு விசித்திரம். ஜில்லாவிலிருந்து யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்று தெரிந்தால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். ஜீப் திரும்பிப் போன மறுநாள் குணமாகிவிடும். இடைப்பட்ட நாட்களில் பொறுப்பு என் தலையில் விழும். அவருடைய காய்ச்சல் புண்ணியத்தில்தான் நான் வேலை கற்றேன்.

அந்த வருஷங்களில் எல்லோருக்கும் கடலை எண்ணெய் வேண்டும் என்றாகியிருந்தது. ஊர் ஊராக எண்ணெய் மில் வந்தது. வனஸ்பதி ஆலைகள் எவ்வளவு எண்ணெய் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டன. எண்ணெய்க்குக் கடலை வேண்டும், கடலைக்கு நிலம் வேண்டும், நிலத்துக்குக் காடு இருக்கிறது. இது அன்றைய கணக்கு. எங்கேயோ கடல் கடந்த தேசங்களில் எண்ணெய்ப் பனை வைக்கக் காட்டை மொட்டையடிக்கிறார்கள் என்று இப்போது பத்திரிகையில் படித்துவிட்டு நீங்கள் உச்சுக் கொட்டுகிறீர்கள். நாங்கள் அதே மொட்டையை நிலக்கடலைக்காக எப்போதோ அடித்துப் பார்த்துவிட்டோம்.

மத்தூரிலிருந்து ஒரு எண்ணெய் மில்காரர் வந்தார். பேர் வேண்டாம், மில்காரர் என்றே வைத்துக்கொள்வோம். சின்னகுட்டப்பள்ளி என்ற ஊருக்கு மேலே இருந்த எங்கள் காட்டில் ஒரு பெரிய துண்டைக் கடலை போடக் குத்தகைக்குக் கேட்டார். உயிருள்ள காட்டைக் குத்தகைக்கு விட முடியாது. மரமெல்லாம் பட்டுப்போன தரிசு என்று நில அதிகாரியும் வன இலாகாவும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் விடலாம். மில்காரர் மனுவைப் போட்டுவிட்டு, பார்வையிட நாள் குறிக்கும்போது மட்டும் அக்கறையோடு அலைந்து பங்குனி மாதத்தில் ஒரு நாளை வாங்கிவந்தார்.

இங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். நம் பக்கத்துக் காடு மாசியில் இலையைக் கொட்டிவிடும். பங்குனியில் துரிஞ்சி, வெக்காலி, புரசு எல்லாம் ஒரு இலைகூட இல்லாமல் விறகு நட்டு வைத்ததுபோல நிற்கும். சித்திரை மழை ஒன்று விழுந்தால் போதும், பச்சை திரும்பி வந்துவிடும். இது இந்த ஊர் ஆட்டுக்குட்டிக்கும் தெரிந்த விஷயம். ஆனால் வந்த நில அதிகாரி தஞ்சாவூர்க்காரர். வாய்க்காலும் வாழையும் பார்த்து வளர்ந்தவர். பிறந்ததிலிருந்து இலை இல்லாத மரத்தை அவர் அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார்.

எதிர்பார்த்தபடியே ரேஞ்சருக்குக் காய்ச்சல் கண்டது. நான் போனேன்.

சானமாவு தாண்டி ஜீப் போகப் போக அதிகாரியின் முகம் இரக்கத்தில் உருகிக்கொண்டே வந்தது. என்ன நோய் வந்து இத்தனை மரமும் மாண்டது என்று என்னைக் கேட்டார். நோய் இல்லை, வழக்கமாக இலை உதிர்க்கிற காலம் என்று சொன்னேன். எல்லா மரமும் ஒரே நாளில் பேசிவைத்துக்கொண்டு உதிர்க்குமா என்று கேட்டுவிட்டு மில்காரரைப் பார்த்துச் சிரித்தார். மில்காரரும் மரியாதைக்கு எவ்வளவு சிரிக்க வேண்டுமோ அவ்வளவு சிரித்தார்.

நான் இறங்கி ஒரு வெக்காலியில் கத்தியால் பட்டையைச் சுரண்டினேன். உள்ளே பச்சை பளிச்சென்று இருந்தது. கையைப் பிடிக்காத குறையாக அவரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

"பச்சைன்னா இலையில இருக்கணுங்காணும். பட்டைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டிருந்தா அதைக் கணக்குல எடுக்க முடியுமா?" என்றார்.

அப்போது கொஞ்ச தூரத்தில் ஒரு புரசு மரம், இலையே இல்லாத கிளை முழுக்கச் சிவப்பாகப் பூத்து நின்றது. எனக்கு உயிர் வந்தது. அதைக் காட்டினேன். செத்த மரம் பூக்குமா என்று கேட்டேன். அதிகாரியே சற்றுத் தடுமாறிப்போனார். மில்காரர் தடுமாறவில்லை.

"அது கடைசிப் பூவுங்க. மூங்கில் பூத்தா சாவுதில்லீங்களா, அதே கணக்குதான். சாவப்போற மரம் இப்பிடித்தான் ஒரு தடவ பூத்துட்டுப் போவும்."

இதைவிட அழகான பொய்யை என் சர்வீஸில் நான் கேட்டதில்லை. அதிகாரி பூவைப் பார்த்துத் தலையை ஆட்டி, பாவம் என்றார். ஓடைப் பக்கம் போய்ப் பார்க்கலாம் என்று நான் கூப்பிட்டதற்கு வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டார். ஓசூர் விடுதியில் தங்குவதாகவும், இந்த நிலத்தில் உயிருள்ள மரம் இல்லை என்று எழுதி மாலைக்குள் வன இலாகா சார்பில் நான் கொண்டுவர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் எழுதாவிட்டால், எழுதுகிற ஆளை இந்த இடத்துக்குப் போடச் சொல்லப்போவதாகவும் சேர்த்துக்கொண்டார். அதைக் கோபமில்லாமல், போகிற போக்கில் சொன்னார்.

நேரே ரேஞ்சர் வீட்டுக்குப் போனேன். கழுத்துவரை கம்பளி போர்த்திக்கொண்டு வெங்காய பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். நான் மறுத்து எழுதப் போகிறேன், வேலை போனாலும் பரவாயில்லை என்று முழங்கினேன். அவர் பஜ்ஜியை முடித்து, விரலைத் துடைத்து, நான் மாற்றலாகிப் போனால் அடுத்து வருகிறவன் என்ன எழுதுவான் என்று கேட்டார். அதிகாரி கேட்டபடிதான் எழுதுவான் என்றேன். காட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். வெட்டி, வேரைத் தோண்டி, உழுதுவிடுவார்கள் என்றேன்.

"அப்ப உன் வீரத்தால மரத்துக்கு என்ன லாபம் மாராயா?" என்றார். "மேல இருக்கிறவன் பொய் சொன்னா மறுத்துப் பேசாத. அதையே எழுத்துல வாங்கு. பேசின பொய் பறந்து போகும். எழுதின பொய் எழுதினவன் காலையே சுத்தும்."

சொல்லிவிட்டுக் கம்பளிக்குள் போய்விட்டார். இவருக்கு என்ன, காய்ச்சல் இருக்கிறது என்று திட்டிக்கொண்டே சைக்கிளை எடுத்தேன்.

வழியில் லக்கம்மா மறித்தாள். சின்னகுட்டப்பள்ளிக்காரி. வயது நாற்பதுக்கு மேல். புரசு இலை பறித்துத் தைத்து ஓசூர் ஓட்டல்களுக்குப் போடுகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். அவளுடைய தமிழில் கடவுளுக்கும் கலெக்டருக்கும் 'நீ'தான். ஊருக்கு அந்தக் காடு என்ன என்பது எனக்குத் தெரியும். ஆடு மேய்வது அங்கே, இலை அங்கே, ஏரிக்குத் தண்ணீர் இறங்குவது அங்கிருந்து. எல்லாவற்றுக்கும் மேலாக ஓடையோரம் பழைய இலுப்பை மரங்கள் நின்றன. அந்தக் கொட்டையை ஊர்ச் செக்கில் ஆட்டித்தான் அவர்களுக்கு விளக்கெரிந்தது, பண்டிகைக்குப் பலகாரம் வெந்தது. கடையில் எண்ணெய் வாங்கிய வழக்கமே அந்த ஊரில் கிடையாது. மில்காரர் எண்ணெய்க்காக வெட்டக் கேட்டது எண்ணெய் மரத்தை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவர் கவனிக்கவில்லை.

"இன்னா சாமி, எங்க காட்ட சாவடிச்சு எழுதப் போறியாமே?" என்றாள்.

செய்தி என் சைக்கிளைவிட வேகமாக வந்திருந்தது. இன்னும் எழுதவில்லை என்றேன். எழுதுவாயா மாட்டாயா என்று கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். அது உண்மை. அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழியை விட்டாள்.

விடுதி போய்ச் சேர்வதற்குள் ஒரு விஷயம் புரிந்தது. நம் காட்டு மரத்தைக் கொல்வது சுலபமில்லை. கூப்பு வெட்டு எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து வருஷத்துக்கு ஒரு துண்டை வெட்டுவோம். தரையோடு சாய்வாக வெட்டிய அடிமரம் மழை விழுந்ததும் துளிர்த்து மறுபடி மரமாகிவிடும். வேர் மண்ணுக்குள் இருந்தால் போதும். வேரைத் தோண்டினால்தான் சாவு. அப்படியானால் வேரைத் தோண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தோண்டாதே என்று நான் சொன்னால் தோண்டுவார்கள். அவர்களே தோண்ட வேண்டாம் என்று நினைக்க வேண்டும்.

விடுதியில் மில்காரரும் இருந்தார்; அதிகாரி முன்னால் உட்கார்ந்து எழுதினேன். இந்த நிலத்தில் உயிருள்ள மரம் ஒன்றுகூட இல்லை என்று நில அதிகாரி நேரில் பார்த்து முடிவு செய்திருக்கிறார், குத்தகைதாரரும் அதையே சொல்கிறார், ஆகவே பட்ட மரங்களை விறகு விலைக்கு அவர் வெட்டி எடுக்கலாம் என்று முதல் பாதி. இனிமேல் அந்த நிலத்தில் உயிருள்ள மரம் ஏதாவது தென்பட்டால் அது சர்க்கார் சொத்து, அதைத் தொடுவது குற்றம் என்று இரண்டாம் பாதி. மூன்று பேரும் கையெழுத்துப் போடும்படி கேட்டேன். செத்தது எப்படி ஐயா தென்படும் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அதிகாரி போட்டார். வெக்காலி விறகு பட்ட மர விலைக்குக் கிடைக்கிற சந்தோஷத்தில் மில்காரர் படிக்காமலே போட்டார். நானும் போட்டேன்.

மறுநாள் நான் சின்னகுட்டப்பள்ளிக்குள் நுழைந்தபோது யாரும் தண்ணீர் தரவில்லை. இந்தப் பக்கத்தில் எதிரிக்கும் மோர் தருவார்கள். எனக்குத் தண்ணீரே இல்லை. ஒரு கிழவர் என் சைக்கிள் சக்கரத்தின் மேல் துப்பினார், என் மேல் துப்ப வேண்டாம் என்ற மரியாதையில். எனக்கு அழுகை வந்தது. இளம் பாரஸ்டர்கள் அழக்கூடாது என்று எந்த விதியும் இல்லை, நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

லக்கம்மாவைத் தனியாகக் கூப்பிட்டேன். மில்காரர் வெட்டுக்கு ஆள் தேடுவார், நீங்களே போங்கள் என்றேன். எங்கள் காட்டை நாங்களே வெட்டுவதா என்று கேட்டாள். கூப்பில் எப்படி வெட்டுவீர்களோ அப்படியே வெட்டுங்கள், தரையை ஒட்டி, சாய்வாக, நல்ல கூர் கோடாலியால், பட்டை பிய்யாமல் என்று சொன்னேன். அப்புறம் அவள் முகத்தில் ஒரு மாறுதல். தலைமுறையாகக் கூப்பில் வேலை செய்த ஊர் அது. மேலே விளக்கம் தேவைப்படவில்லை.

கடைசியாக ஒன்று கேட்டாள்.

"துரிஞ்சி வரும், வெக்காலி வரும். இலுப்ப?"

கிழட்டு இலுப்பை துளிர்ப்பது அபூர்வம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஓடைப் பகுதியை மட்டும் விட்டுவிடும்படி மில்காரரைக் கேட்கிறேன் என்றேன்.

கேட்டேன். கிணறு வெட்ட அவருக்கு அந்த இடம்தான் வேண்டுமாம். இலுப்பைப் பலகை வேறு நல்ல விலை போகுமாம். அங்கே நின்றுகொண்டு, ஐயா, அந்த மரங்கள் உயிரோடு இருக்கின்றன, பூ உதிர்கிறது பாருங்கள் என்று நான் கத்தியிருக்கலாம். அப்படிச் சொன்னால் எழுதிய காகிதம் அந்த இடத்திலேயே கிழியும். மறுபடி பார்வையிடுவார்கள், வேறு ஆள் எழுதுவான், காடு முழுவதும் வேரோடு போகும். காட்டைக் காப்பாற்ற இலுப்பையைக் கொடுக்க வேண்டும். யோசிக்க ஒரு பகல் முழுவதும் இருந்தது. கடைசியில் வாயை மூடிக்கொண்டேன். உங்களில் யாருக்காவது இதைவிட நல்ல வழி தோன்றினால் எனக்குக் கடிதம் போடுங்கள். இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றவில்லை.

சித்திரையில் வெட்டு நடந்தது. முதல் மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று மில்காரர் அவசரப்பட்டார். இலை வந்துவிட்டால் யார் கண்ணிலாவது படுமே. ஊரே போய் வெட்டியது. அவ்வளவு சுத்தமான கூப்பு வெட்டை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஒவ்வொரு அடிமரமும் தண்ணீர் வழிந்து ஓடும்படி ஒரே சாய்வாக இருந்தது. மில்காரர் பார்த்துவிட்டு, இந்த ஊர் ஆட்கள் வேலையில் சுத்தம் என்று மெச்சிக்கொண்டார். இலுப்பை மரங்களை வெட்ட மட்டும் ஊரில் யாரும் போகவில்லை. அதற்கு அவர் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்தார். அன்றைக்கு லக்கம்மா தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள்.

மரம் விழுந்ததும் நான் பயந்த கேள்வி வந்தது. வேரைத் தோண்ட வேண்டுமா என்று மில்காரர் என்னிடமே கேட்டார். நான் நெற்றியைச் சுருக்கி யோசித்தேன். தோண்டினால் நல்லதுதான், ஆள் கூலிதான் கொஞ்சம் ஆகும் என்றேன். கூலி என்ற சொல் அவருக்குப் பிடிக்காது.

"செத்த மரந்தானே. கரையான் தின்னுட்டுப் போவாது?" என்றார்.

செத்த மரத்தைக் கரையான் தின்னாமல் வேறு யார் தின்பார்கள் என்று நான் கேட்டேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்கவும். செத்த மரத்தைக் கரையான் கண்டிப்பாகத் தின்னும். அவர் திருப்தியோடு கடப்பாறைக்காரர்களைத் திருப்பி அனுப்பினார்.

ஆடியில் கடலை போட்டார்கள். அடிமரங்களுக்கு நடுவே ஏர் ஓட்டியதில் கொழு உடைந்தது, நுகம் உடைந்தது, ஓட்டியவர்களின் பொறுமையும் உடைந்தது. கரையான் எங்கே என்று மில்காரர் கேட்டார். வரும் என்றேன். கரையானுக்கு முன்னால் துளிர் வந்தது. சித்திரை மழைக்கே மூக்கை நீட்டியிருந்த துளிர், ஆவணி மழைக்கு ஒவ்வொரு அடிமரத்திலும் கொத்துக் கொத்தாக எழும்பியது. கடலைச் செடி முழங்கால் உயரம் வருவதற்குள் துரிஞ்சி இடுப்புக்கு வந்துவிட்டது. ஆளை விட்டு வெட்டச் சொன்னார். ஒன்றை வெட்டினால் பத்து வந்தது. நடுவில் காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வந்து கடலையைப் பதம் பார்த்தன. மறைந்துகொள்ளப் புதர் வேறு தயாராக இருந்ததே, பன்றிக்கு வேறென்ன வேண்டும்.

மில்காரர் என் முன்னால் வந்து நின்றபோது பாதி இளைத்திருந்தார். இந்தச் செடிகளை அழிக்க அனுமதி வேண்டும் என்றார். எந்தச் செடி என்று கேட்டேன். மரம் துளிர்க்கிறதே என்றார். அங்கே உயிருள்ள மரம் இல்லை என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள் என்றேன். இப்போது இருக்கிறது என்றார். இருக்கிறதென்றால் சர்க்கார் சொத்து, ஏற்கெனவே வெட்டியதற்கே உங்கள் மேல் வழக்குப் போட வேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உயிர் இருக்கிறது என்று சொன்னால் குத்தகையே பொய். இல்லை என்று சொன்னால் புகாரே பொய். மனிதர் இரண்டு பக்கமும் முட்டிப் பார்த்துவிட்டு, நில அதிகாரியிடம் ஓடினார்.

நில அதிகாரி ஐப்பசியில் வந்தார். ரேஞ்சருக்குக் காய்ச்சல். நான் போனேன். ஜீப்பை விட்டு இறங்கியவர் நாலு பக்கமும் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. டிரைவரிடம், வேறு இடத்துக்கு வந்துவிட்டாயா என்று கேட்டார். இல்லை என்று நாங்கள் நம்ப வைக்கச் சற்று நேரம் பிடித்தது. ஒரு வெக்காலித் துளிரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. நான் பங்குனியில் எழுதிய காகிதத்தின் நகலை எடுத்து, அவர் கையெழுத்து தெரிகிறமாதிரி விரித்துப் பிடித்தேன். அவர் முட்டாள் இல்லை. பதவி உயர்வுக்குக் காத்திருக்கிற எந்த மனிதரும் முட்டாள் இல்லை.

"இந்த மண்ணு அபாரமான மண்ணுங்காணும். பட்ட மரத்தையே எழுப்பிடுதே," என்றார்.

ஆமாம், அபாரம்தான் என்று ஒத்துக்கொண்டேன். இந்த இடத்தில் காட்டுச் செடிகளின் தொந்தரவு அதிகம், கடலைச் சாகுபடிக்கு ஏற்றதல்ல, ஆகவே குத்தகை ரத்து என்று அவரே எழுதினார். மரம் என்ற சொல்லைக் கவனமாகத் தவிர்த்திருந்தார். நிலம் எங்களிடம் திரும்பி வந்தது. அன்று மாலை ரேஞ்சருக்குக் குணமாகிவிட்டது. என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, காகிதத்தில் எழுத்து அழகாக இருக்கிறது என்றார்.

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் கைதட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். மில்காரர் சும்மா இருக்கவில்லை. வேறு ஒரு காட்டில், வேறு ஒரு பங்குனியில், வேறு ஒரு பாரஸ்டரிடம் குத்தகை வாங்கினார். இந்த முறை கூலியைப் பார்க்காமல் கடைசி வேர்வரை தோண்டினார். அந்தக் காடு திரும்பவில்லை. கடலை சில வருஷம் விளைந்தது, பிறகு மண் ஓய்ந்தது, பிறகு தொழிற்சாலை மதில் எழுந்தது. இன்று உங்களில் சிலர் அந்த மதிலை ஒட்டித்தான் பஸ் ஏறுகிறீர்கள். ஒருவனை ஒரு தந்திரத்தால் ஒரு தடவைதான் ஏமாற்ற முடியும். ஆகவே என் தந்திரத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். இந்தக் காடு செத்துவிட்டது என்று யாராவது உங்களிடம் காகிதம் நீட்டினால், இது எந்த மாதம் என்று மட்டும் கேளுங்கள்.

அடுத்த பங்குனியில் சின்னகுட்டப்பள்ளிக்குப் போனேன். இப்போது எனக்கு மோர் கிடைத்தது, இரண்டு வீட்டில். போன வருஷம் சக்கரத்தில் துப்பிய கிழவர் என் சைக்கிளைத் தானே பிடித்து நிழலில் நிறுத்தினார். காட்டுத் துளிர்கள் ஆள் உயரம் வந்து, மறுபடி இலையைக் கொட்டிவிட்டு, செத்ததுபோல நின்றன. ஒவ்வொரு அடிமரத்திலும் நாலைந்து தண்டு. புரசு மட்டும் ஒரு தண்டில் இரண்டு பூ வைத்திருந்தது. நான் அகம்பாவத்தில் மிதந்துகொண்டிருந்தேன். லக்கம்மா என்னை ஓடைக்குக் கூட்டிப் போனாள்.

இலுப்பை அடிமரங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றிப் பாத்தி கட்டியிருந்தது, மண் ஈரமாக இருந்தது. வருஷம் முழுவதும் ஊர்ப் பெண்கள் முறைவைத்து ஏரியிலிருந்து தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறார்கள். ஆடு கடிக்காமல் முள் வைத்திருக்கிறார்கள். ஒரு துளிர் இல்லை. நான் குனிந்து கத்தியால் பட்டையைச் சுரண்டினேன். அடுத்ததைச் சுரண்டினேன். எல்லாம் உள்ளே பழுப்பாகக் காய்ந்திருந்தது. வேர்ப் பக்கம் கரையான் ஏறியிருந்தது.

லக்கம்மா கத்தவில்லை. என்மேல் கோபமும் இல்லை. முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டாள். இனிமேல் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை என்று முடிவு செய்துவிட்டாள் என்று தெரிந்தது. பிறகு கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நீ எழுதுனதுல இது ஒண்ணுதான் சாமி நெசமாப் போச்சு," என்றாள்.

ஆட்டி வைத்திருந்த இலுப்பை எண்ணெய் தீர்ந்து, அந்த ஆடியில் அந்த ஊர்க்காரர்கள் முதல்முறையாகக் கடையில் எண்ணெய் வாங்கினார்கள். கடலை எண்ணெய்.